தொட்டுப் பார்த்துச் சொல்கிற சரி

நாற்பத்தோராம் பக்கத்தை மூன்றாவது தடவை படித்தபோது அய்யாத்துரைக்குக் காது மடல் சுட்டது. தேனிக் கல்யாண மண்டபத்தில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவில் மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். கையில், ஒரு காலத்தில் அவரும் இருந்த தன்னார்வப் பொறியாளர் படைப்பிரிவின் வரலாறு, தங்க எழுத்து அட்டையோடு. எழுதியவர் பழைய அதிகாரி வைகுண்டராஜ். நூற்றுப்பதினாறு பக்கத்தில் அவர் படம் மட்டும் பத்தொன்பது இடத்தில் இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கல்யாண ஆல்பம் என்று நினைத்துக்கொள்ளலாம். கூட வேலை பார்த்த சங்கிலியைப் பற்றிய இந்த வரியை எப்படிப் பொறுப்பது? ‘சங்கிலி கவனக்குறைவால் கிளிப் மாட்டத் தவறியதால் உயிரிழந்தார். இருப்பினும் பாலம் குறித்த நேரத்தில் முடிந்தது.’ இருப்பினுமாம். எழுதிய கை கூசவில்லையே என்று பல்லைக் கடித்தார்.

சங்கிலியின் மனைவி மூக்கம்மாள் முன்வரிசையில் இருந்தாள். மயிலாடும்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். இந்த லட்சணத்தில் அவளை மேடையேற்றிப் பொன்னாடை வேறு போர்த்தப் போகிறார்களாம். உள்ளே வரும்போதே அய்யாத்துரையிடம் புத்தகத்தை நீட்டி, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அவுகளப் பற்றி எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாள். பிறகு காட்டுகிறேன் என்று தப்பித்து வந்து நான்காவது வரிசையில் ஒளிந்துகொண்டவர்தான் இவர்.

வருஷத்தில் பத்து மாதம் அவரவர் பிழைப்பு, இரண்டு மாதம் காக்கி என்று இருந்த ஆட்கள் அவர்கள். அய்யாத்துரைக்குச் சின்னமனூரில் லேத் பட்டறை, சங்கிலிக்குக் கிணறு வெட்டும் வேலை. வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனால் இரும்புச் சட்டங்களைக் கோத்து இரண்டே நாளில் வேறு பாலம் போட்டுவிடுவார்கள். சட்டத்தையும் சட்டத்தையும் சேர்க்கக் கைப் பருமனில் ஓர் இரும்புப் பின். பின் நழுவாமலிருக்க அதன் நுனியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கிளிப். ஒருவன் மாட்டினால் அவனுடைய ஜோடி அந்தக் கிளிப்பை விரலால் தொட்டுப் பார்த்து ‘சரி’ என்று கத்த வேண்டும். எந்த ராணுவப் புத்தகத்திலும் இல்லாத, இவர்களே உண்டாக்கிய வழக்கம். அந்தச் சத்தம் கேட்காமல் ஒருவனும் சட்டத்துக்கு அடியில் போகமாட்டான்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் முல்லையாற்றில் பாலம் போட்ட அன்று மூன்று மணிக்கு மந்திரி வருவதாக இருந்தது. ஒவ்வொரு பின்னுக்கும் நின்று கத்திக்கொண்டிருக்க நேரமில்லை, நான் ஒரே தடவை கேட்கிறேன், எல்லாரும் ஒரே குரலில் சொல்லுங்கள் என்றார் வைகுண்டராஜ். கேட்டார். சொன்னார்கள். சங்கிலியின் ஜோடி அய்யாத்துரைதான். அவரும் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கத்தினார். கோத்த பாலத்தைக் கரையிலிருந்து ஆற்றுக்குக் குறுக்கே தள்ளியதும் பின் நழுவியது, சட்டம் அடியில் நின்ற சங்கிலியை ஆற்றுக்குள் அமுக்கியது. அவன் கிளிப் மாட்டினானா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று விசாரணையில் சொன்னார்கள். தொட்டுப் பார்த்தாயா என்று அவர்கள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மூக்கம்மாளிடம் ஆறு கொண்டுபோய்விட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

மேடையில் வைகுண்டராஜ் மைக்கைப் பிடித்தார். பொன்னாடைக்கு முன்னால், பழைய ஞாபகத்துக்கு ஒரு தடவை என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரியா?”

“சரி” என்று முப்பது நரைத்த தலைகளும் கத்தின. அய்யாத்துரையின் வாயும் தன்பாட்டுக்குத் திறந்து பாதிச் சொல்லைச் சொல்லிவிட்டது. இந்தப் பாழாய்ப்போன வாயின் மேல் வந்த ஆத்திரத்தில்தான் அவர் எழுந்தார்.

“சரியில்ல சார். சங்கிலி போட்ட பின்ன நான் தொட்டுப் பாக்கல. நீங்க கத்தச் சொன்னீக, தொடாமயே கத்துனேன். செத்தவன் தலையில எழுதிப்புட்டீகளே.”

“அதெல்லாம் விசாரணையிலேயே முடிஞ்ச விஷயம். உக்காருங்க அய்யாத்துரை.”

“அன்னைக்கு நீங்க சொன்னபடியெல்லாம் கேட்டேன். இன்னைக்கு உக்கார முடியாது.”

பொன்னாடையைப் பிரித்து வைத்திருந்தவர் அதை மடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மூக்கம்மாள் எழுந்தாள். மேடைப்படி பக்கம் போகவில்லை. வரிசைகளைத் தாண்டி அய்யாத்துரையிடம் வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. அவள் தன்னை அறைந்தால் நல்லது என்று அவருக்குப் பட்டது.

“எங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்து சாப்புட்ருக்கீக” என்றாள். அவள் தன் புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள். “எந்த எடம்? தொட்டுக் காட்டுங்க.”

அய்யாத்துரை நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. மேடையில் வைகுண்டராஜ் யாரையோ கூப்பிட்டு மைக்கை அணைக்கச் சொன்னார். மூக்கம்மாள் அய்யாத்துரையின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் வைத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டத் தொடங்கினாள்.

“சங்... கி... லி...”