அண்ணன் அழுத்த வேண்டிய பொத்தான்

லிஃப்ட் மெக்கானிக்கின் பெயரில் எவனோ ஒரு போலிக் கணக்குத் தொடங்கியிருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி.

"நீங்க எப்ப இவ்வளவு நல்லவரானீங்க? கண்டவங்களுக்கெல்லாம் காலை வணக்கம் போட்டிருக்கீங்க" என்று போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

பெயர் அவனுடையது. படம் அவனுடையது. வணக்கம் மட்டும் அவனுடையதில்லை. எதிரே யாராவது வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஆள் அவன். அதற்குள் அந்தப் போலி, மனைவியின் அக்கா மகளிடம் "உன் போனுக்கு ஒரு எண் வரும், எனக்கு அனுப்பும்மா" என்று கேட்டு வாங்கி, அவள் கணக்கையே பறித்துக்கொண்டிருந்தான். சித்தப்பாதானே கேட்கிறார் என்று கொடுத்திருக்கிறாள்.

மெக்கானிக் அந்தச் செயலியிலேயே புகார் கொடுத்தான். முகத்தைக் காட்டச் சொன்னார்கள். ஒரு கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நின்றபடி, போன் சொன்னதற்கெல்லாம் ஆடினான். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு.

"என்ன, உள்ள தள்ளப் போறாங்களா? அங்கதான் இப்படிப் பக்கவாட்டுல படம் எடுப்பாங்க" என்றான் கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்.

பதில் வந்தது. 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம். உங்கள் முகம் கணக்கிலுள்ள படத்துடன் பொருந்தவில்லை.' போலி எடுத்துப் போட்டிருந்தது பழைய படம். தலை நிறைய முடி இருந்த காலம்.

"என் மூஞ்சி எனக்கே பொருந்தலையாம்!" என்று வீட்டில் கத்தினான்.

உதவி மையத்தைக் கூப்பிட எண் கிடையாது. எழுதிக் கேட்க ஒரு பெட்டி மட்டும் உண்டு. ஒவ்வொரு தடவையும் அதில் வேறு ஒரு பெயர் வந்தது, அதே கனிவோடு. 'மனுஷங்க யாராவது இருக்கீங்களா?' என்று எழுதினான். 'நிச்சயமாக உதவுகிறேன்' என்று சொல்லி, முகத்தைக் காட்டும் பக்கத்துக்கே திரும்ப அனுப்பியது. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தபின் உருப்படியாக ஒரே ஒரு பதில் கிடைத்தது. அந்தக் கணக்கோடு பேசியிருக்கும் உறவினர் யாராவது, 'இது அவரில்லை' என்று பொத்தானை அழுத்தி உறுதி செய்தால் நடவடிக்கை எடுப்பார்களாம்.

அக்கா மகளிடம் இப்போது கணக்கே இல்லாததால், மனைவி போலியின் நண்பர் பட்டியலைத் தள்ளிக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதுல உங்க அண்ணன் இருக்காரு."

அண்ணன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, மூச்சுக் குழாயை எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது அவர்தான். மெக்கானிக் வேலையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொந்தபந்தம் அத்தனை பேரும் நிற்க, அண்ணனைப் பார்த்து "கொலைகாரப் பாவி" என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது வேறு வழியில்லை. கூப்பிட்டான்.

"சொல்லுடா! ஊர்லேர்ந்து வந்துட்டியா?"

அண்ணன் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"நான் எங்கயும் போகலையே."

"வெளியூர்ல வேலை, வந்ததும் பேசறேன்னு எழுதியிருந்தியே?"

"அண்ணே, அது நான் இல்ல. எவனோ என் பேர்ல பண்றான். எண் ஏதாவது கேட்டா குடுத்துடாத."

பஸ்ஸில் பிள்ளைகள் போடும் கூச்சல் மட்டும் கேட்டது.

"எல்லாமே அவனா?"

"எல்லாமே."

"தப்பு என்மேலதான், மன்னிச்சிடுங்கன்னு..."

"நான் எழுதலை."

"'நீங்க'ன்னு பார்த்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். பேச்சு வந்த நாள்லேர்ந்து நீ என்னை நீ, வா, போதான். சரி, முடி கொட்டின இடத்துல மரியாதை முளைச்சிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

மெக்கானிக் பொத்தானைப் பற்றிச் சொன்னான். "பார்க்கறேன்" என்று அண்ணன் வைத்துவிட்டார்.

அழுத்தவில்லை. 'உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கிறோம்' என்றே பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் போலி, மனைவியோடு வேலை பார்க்கும் ஒருத்தியிடமும் எண் கேட்டிருந்தான்.

"அவர் ஏன் அழுத்தாம வெச்சிருக்கார்னு தெரியலையா?" என்றாள் மனைவி.

"தெரியுது."

"தெரிஞ்சா நேர்ல போங்க. எவனோ திருட்டுப்பய கேட்ட மன்னிப்பை நீங்க கேட்டா வாய் வெந்தா போயிடும்?"

அன்று தான் வந்து சேரும்வரை அண்ணன் காத்திருக்கவில்லை என்ற கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதும் தெரியும். 'அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.' வேலைக்குப் போன இடமெல்லாம், ஆளில்லாத லிஃப்ட்டுக்குள் நின்று சொல்லிப் பார்த்தான். கதவு மூடியிருக்கும்போது நன்றாகத்தான் வந்தது.

வேலை முடிந்து, அழுக்கு உடுப்போடு அண்ணன் வீட்டு மணியை அடித்தான். கதவைத் திறந்த அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அழுத்தினா இதெல்லாம் போயிடுமாமே?"

"போயிடும்."

"அப்ப நீயே அழுத்து" என்று போனைக் கொடுத்தார்.

மெக்கானிக் படித்தான். அண்ணன் நீளமாக எழுதியிருந்தார். அப்பா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை என்று. டாக்டரைக் கெஞ்சிச் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன் என்று. 'உனக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்டா. எடுக்கலை. லிஃப்ட் குழிக்குள்ள இருந்திருப்பே.' அதன் கீழே, அவன் பழைய முகத்துக்குப் பக்கத்தில், மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் பதில் வந்திருந்தது. 'மன்னிச்சிடுங்க அண்ணே. தப்பு என்மேலதான்.' திருடனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அழுத்தினான். பேச்சு முழுவதும் அழிந்து திரை வெள்ளையானது. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

அண்ணன் வாசலை மறித்து நின்றார். காத்திருந்தார்.

"அண்ணி எங்க?" என்றான் மெக்கானிக்.

"கடைக்குப் போயிருக்கா. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

தொண்டைக்குள் அந்த வாக்கியம் இருந்தது. வெளியே வந்தது வேறு.

"குழிக்குள்ளதான் இருந்தேன். அங்க சிக்னல் இல்ல."

அண்ணன் உள்ளே வா என்று சொல்லவில்லை. மெக்கானிக் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தபடி நின்றார். கதவைச் சாத்தவில்லை.