மண்டிக்காரர் அவித்த கிழங்கு

மொக்கைச்சாமி கையில் ஓர் உருளைக்கிழங்கைக் கொடுத்தால், அது கொடைக்கானல் மலையில் எந்த ஊரில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். செத்த நேரம் கூடுதலாக வைத்திருந்தால் தோட்டக்காரரின் குடும்ப நிலவரமும் சொல்வார். ஒருமுறை லாரியிலிருந்து இறக்கிய மூட்டையில் ஒரு கிழங்கை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கவுஞ்சித் தோட்டக்காரர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு" என்றார். போன் போட்டுக் கேட்டார்கள். போட்டிருந்தது. எத்தனை குட்டி என்பதில் மட்டும் ஒன்று பிசகிவிட்டார். அதுவும் அவர் தவறல்ல. கிழங்கில் மண்வெட்டி பட்டிருந்தது.

திண்டுக்கல் மார்க்கெட்டில் இப்படிப் பெயரெடுத்த மண்டிக்காரருக்கு, கிழங்கு மண்டியை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது மட்டும் தெரியாது. வீட்டில் வறுவலாகித் தட்டில் வந்து உட்காரும். தின்பார். நடுவில் நடப்பதெல்லாம் அவர் மனைவி ராமுத்தாய் பாடு.

2006 கோடையில் ராமுத்தாய்க்கு அம்மை போட்டது. பேத்தி வயசில் வரவேண்டியது ஐம்பதைத் தாண்டி வந்ததால் வட்டியும் முதலுமாக வந்தது. செய்தி கேட்டு, மொக்கைச்சாமியின் அக்கா பெருமாயி சாணார்பட்டியிலிருந்து வேப்பிலையோடு வந்து இறங்கினாள். வேப்பிலை என்றால் ஒரு கொத்து இரண்டு கொத்து அல்ல. மரத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொன்னாராம் கண்டக்டர். மரம் நின்றுகொண்டுதானே வருகிறது, அதற்கு எதற்கு டிக்கெட் என்று பெருமாயி கேட்டதும் அவர் முன்பக்கம் போய்விட்டாராம்.

வந்ததும் வீடு பெருமாயி கைக்குப் போயிற்று. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. பொரிக்கிற சத்தமும் வாசமும் வாசலைத் தாண்டக் கூடாது. தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றுகிறவரை கஞ்சி, மோர், இளநீர்.

இதெல்லாம் மொக்கைச்சாமிக்கும் சம்மதம்தான். அவரைக் கலக்கியது வேறு. ராமுத்தாய்க்கு வாயெல்லாம் கொப்புளம். இரண்டு நாளாக இளநீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரை கொடுத்த டாக்டர், "மெத்துன்னு எதையாவது சாப்பிட வைங்க. இல்லைன்னா நாளைக்குக் கொண்டாந்து படுக்க வச்சு குளுக்கோஸ் ஏத்த வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்றாலே மொக்கைச்சாமிக்குப் பயம்.

கட்டிலருகே போய் நின்றார். "ராமுத்தாயி, என்ன வேணும்னு சொல்லு. எதுனாலும் வாங்கியாரேன்."

"வாங்கியார வேணாம். ஒரு கிழங்கு அவிச்சு, மெத்துன்னு பிசைஞ்சு, நீங்களே கொண்டாங்க. திங்கிறேன்."

"அக்காகிட்டச் சொல்றேன்."

"மதினி கையால வந்தா வாயைத் தொறக்க மாட்டேன். இம்புட்டு வருசமா கிழங்கு வித்துச் சோறு போட்டீங்க. ஒரு நா அந்தக் கிழங்கையே போடுங்களேன்."

காய்ச்சலில் உளறுகிறாளோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி ஜில்லென்று இருந்தது. தெளிவாகத்தான் கேட்டிருக்கிறாள்.

அடுப்படி வாசலில் பெருமாயி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கலே வார?"

"கிழங்கு அவிக்க."

தம்பி வேறு யாரிடமாவது பேசுகிறானா என்று பெருமாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. "நீயா? பாலைப் பொங்க விட்டு, சட்டியைத் தீய விட்டு, அம்புட்டு நாத்தத்துக்கும் ஆத்தாகிட்ட நானா பதில் சொல்றது? அடுப்புப் பக்கம் வராத, ஆமா."

"குக்கர்ல போட்டு…"

"அது விசில் அடிக்கும். ஆத்தாளைப் பாத்து விசிலா அடிக்கச் சொல்ற?"

மொக்கைச்சாமி அடுப்படியை விட்டு நகர்ந்தார். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே மைக்ரோவேவ் இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் அறிவுச்செல்வி தீபாவளிக்கு வாங்கி வந்தது. கூடவே, அதற்குள் வைத்துச் சோறாக்குகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்மூடி, வெளிமூடி, இரண்டு பக்கமும் கிளிப். பெட்டிக்கு ராமுத்தாய் பூப்போட்ட உறை தைத்து, மேலே ஒரு தஞ்சாவூர் பொம்மையை உட்கார வைத்திருந்தாள். உள்ளே அப்பளம் வைத்திருந்தாள். நமுத்துப் போகாத அலமாரி என்ற அளவில் அவளுக்கு அதன்மேல் நல்ல மதிப்பு இருந்தது.

மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, நெசமாவே நீங்கதான் பேசுறீங்களா?"

"ஏன், என் குரல் தெரியலையா?"

"குரல் தெரியுது. கேக்குற கேள்விதான் யாரோ கேக்குற மாதிரி இருக்கு. சரி, தோலைச் சீவி, சின்னச் சின்னதா நறுக்கி டப்பால போடுங்க. தண்ணி கொஞ்சமா ஊத்துங்க. ரெண்டு மூடியும் போட்டு கிளிப்பை மாட்டுங்க. பெட்டிக்குள்ள வச்சு, கிழங்கு வேகுற வரைக்கும் ஓட விடுங்க. அப்புறம் சூட்டோட மசிச்சு, பால் ஊத்திக் கிளறுங்க. அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று மகள் சொன்னதில், தோலைச் சீவுவதற்கே மொக்கைச்சாமிக்கு வேர்த்துவிட்டது. கிழங்கைச் சுற்றிக் கத்தி போன போக்கில் தோல் உள்ளங்கை கனத்துக்கு விழுந்தது. பூம்பாறையிலிருந்து வந்த, கைக்கு அடங்காத கிழங்குகள் நெல்லிக்காய்களாக மிஞ்சின. அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, தோலுக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு இருக்கும். அதான் கிழங்கு. தூரப் போட்டுறாதீங்க."

"நீ பேசாமப் படு."

நறுக்கினார். தண்ணீர் ஊற்றினார். இரண்டு மூடியையும் போட்டுக் கிளிப்பை மாட்டினார். பொம்மையை இறக்கி, உறையைக் கழற்றி, கதவைத் திறந்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே வட்டமாக, கனமாக ஏதோ அடுக்கியிருந்தது. டப்பா வைப்பதற்கு மகள் மணை போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்து, அதன் மேல் டப்பாவை வைத்துக் கதவைச் சாத்தி பட்டனை அமுக்கினார்.

பெட்டி உறுமியது. தெருவில் ஓடிய கிரைண்டர்கள் எல்லாம் மூச்சு வாங்கின. கோடி வீட்டு டிவி மங்கி அணைந்ததில், நாடகத்தில் மாமியார் பாதித் திட்டில் நின்றுபோனாள். மருமகள் அன்றைக்குத் தப்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் சடசடவென்றது. அப்புறம் வாசம் வந்தது. கிழங்கு வாசம் அல்ல. ஊருக்கே தெரிந்த வாசம்.

"எவ அது, ஆத்தா வீட்டுல அப்பளம் பொரிக்கிறவ?" பெருமாயி கரண்டியோடு ஓடி வந்தாள்.

மொக்கைச்சாமி கதவைத் திறந்தார். அப்பளங்கள் அத்தனையும் பொரிந்து, பொம்மிப் பொம்மி எழுந்து, ஜாக்கி வைத்துத் தூக்கிய லாரி மாதிரி டப்பாவைக் கூரையோடு சேர்த்து நிறுத்தியிருந்தன.

அவர் பதறிப்போனார். தெரிந்து செய்யவில்லைதான். ஆனாலும் ராமுத்தாய் அம்மையோடு படுத்திருக்கும் வீட்டில் பொரித்தாயிற்று. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? "அக்கா, இது தெரியாம…" என்றார்.

தம்பியின் முகத்தைப் பெருமாயி பார்த்தாள். பிறகு கரண்டியைத் தாழ்த்தினாள்.

"எண்ணெய் எங்க?"

"ஊத்தலக்கா."

"தீ?"

"இதுல தீயே கெடையாது."

பெருமாயி உள்ளே கையை விட்டுத் துழாவினாள். தீ இல்லை. ஓர் அப்பளத்தை எடுத்து விரலால் தேய்த்தாள். பிசுக்கு இல்லை. கொஞ்சம் கடித்தாள். இன்னும் கொஞ்சம் கடித்தாள். தீர்ப்புச் சொல்ல ஒரு முழு அப்பளம் தேவைப்பட்டது.

"நெருப்பில்லாம, எண்ணெயில்லாம பொரிஞ்சிருக்குன்னா இது நீ பொரிச்சதில்லலே. ஆத்தாளுக்கு அப்பளம் திங்க ஆசை. அவளே பொரிச்சுக்கிட்டா."

"மதினி," அறையிலிருந்து குரல் வந்தது, "ஆத்தா தின்னது போக மிச்சம் இருக்கா, இல்ல நீங்களே ஆத்தாவா?"

பெருமாயிக்குப் பதில் சொல்ல வாயில் இடமில்லை. அறையில் ராமுத்தாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு, உடனே "ஆ", திரும்பவும் சிரிப்பு. "சிரிக்க வைக்காதீங்க, வாய் வலிக்குது" என்று யாருமே பேசாதபோது சொன்னாள்.

மொக்கைச்சாமி டப்பாவைத் திறந்தார். கிழங்கு பஞ்சாக வெந்திருந்தது. பித்தளைச் சொம்பின் அடியால் மசித்தார். பாலை ஊற்றிக் கிளறினார். ஆறியதும் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முதல் கரண்டியை ராமுத்தாய் நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அவர் அவள் வாயையே பார்த்தார். விழுங்கினாள்.

"கட்டி கட்டியா இருக்கு."

"மசிச்சு எடுத்தாரேன், இரு."

"உக்காருங்க. குடுங்க."

அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. கிண்ணம் பாதிக்கு வந்தபோது கேட்டாள், "எந்த ஊருக் கிழங்கு?"

"பூம்பாறை."

"உப்பு எந்த ஊரு?"

மொக்கைச்சாமி நினைத்துப் பார்த்தார். "உப்பே போடலியே."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது.

மறுநாளும் கிழங்கு. அதற்கு மறுநாளும். மூன்றாம் தண்ணி ஊற்றி, பெருமாயி ஊருக்குக் கிளம்பினாள். அப்பளம் ஒரு கட்டும், பெட்டி என்ன விலை என்ற விசாரணையும் அவளோடு போயின. ஆத்தா போய்விட்டாள், ராமுத்தாய் மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"இன்னும் வாய்ப்புண்ணு ஆறலைங்க. கெட்டியா எதையும் கடிக்க முடியல" என்றாள்.

மொக்கைச்சாமி மண்டியிலிருந்து நல்ல கிழங்காகப் பொறுக்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்து பார்த்து, அப்பளம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தோலைச் சீவ உட்கார்ந்தபோது, அறைக்குள்ளிருந்து கடுக் கடுக்கென்று முறுக்கு கடிபடும் சத்தம் வந்தது.

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு, தோல் மெலிசாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவலானார். உப்பு டப்பாவை மறக்காமல் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார்.