தொட்டியில் தெரிந்த விரல்

குடியிருப்பில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது ஆஸ்பத்திரியில் அவள் வேலை. அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கே வலி, எப்படி விழுந்தார் என்று எழுதிய சீட்டை முதலில் தொடவே மாட்டாள். படத்தைப் பார்த்த பிறகுதான் சீட்டு.

"முதல்ல சீட்டைப் படிச்சா, கண்ணு அதைத்தான் தேடும்" என்று கூட வேலை பார்ப்பவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அந்தப் பிடிவாதமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி.

அன்று காலை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் காலை விட்டு ஒருவன் சாவகாசமாகக் கழுவிக்கொண்டிருந்தான். மேலே, 'நம்ம பிளம்பர் லட்சணத்தைப் பாருங்க' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. பல் தேய்த்துக்கொண்டே முதலில் அந்த வரியைப் படித்தாள். பிறகு வீடியோவைப் பார்த்தாள். வாய் கொப்பளிக்கத் திறந்த குழாயை மூடிவிட்டாள்.

முகம் தெரியவில்லையே என்று யாரோ இழுத்தார்கள். உடனே குடியிருப்புச் சங்கச் செயலாளர் எழுதினார்: "டாக்டரம்மா, படம் பாக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. நீங்க சொல்லுங்க, அவர்தானா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அவரேதான். இடது கையில மோதிர விரல் பாதி இல்ல, நல்லாவே தெரியுது" என்று தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். குழாய் அறுக்கும்போது அந்த விரலைப் பறிகொடுத்தவர் பிளம்பர். அன்றே அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார்.

"எனக்குச் சோறு போடறதே உங்க குடியிருப்புதான் டாக்டரம்மா. என் வீட்டுக்காரியே 'அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறா. ஒரே ஒரு தடவை, என் முன்னாடியே அந்த வீடியோவைப் போட்டுப் பாருங்க."

இவருக்குத்தான் எவ்வளவு துணிச்சல் என்று நினைத்தபடி வீடியோவைப் பெரிய திரையில் போட்டாள். "இதோ, இங்க பாருங்க..." என்று காட்டப்போன கை அப்படியே நின்றது.

அந்த ஆளின் இடது கை தொட்டிக்கு வெளியே நீண்டிருந்தது. தோளிலிருந்து முழங்கை வரைதான் படத்தில் இருந்தது. வேறு வீடியோவோ என்று போனைக் கிளறினாள். இதேதான். மெதுவாக ஓட விட்டாள். விரல் என்ன, மணிக்கட்டுகூட வரவில்லை.

"ஆனா நான் பாத்தேனே..." என்றாள், தன்னை அறியாமல்.

பிளம்பர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிடக் கேவலம், இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் பாதி விரல், தண்ணீர் சொட்டச் சொட்ட, பளிச்சென்று தெரிந்தது.

'நான் சொன்னது தவறு. அந்தக் கையே வீடியோவில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று குழுவில் எழுதினாள். கும்பிடு போடும் பொம்மைகள் சில வந்தன. அடுத்ததாக யாரோ லிஃப்ட் ஓடவில்லை என்றார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பிளம்பரைக் கையோடு அழைத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்கே போனாள்.

செயலாளர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தங்கமான மனசும்மா. ஆள் வந்து அழுததும் இரக்கப்பட்டுட்டீங்க."

"இரக்கமெல்லாம் இல்ல சார். நான் பாக்காததைப் பாத்ததா சொல்லிட்டேன். நீங்களே இன்னொரு தடவை பாருங்க" என்று போனை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவே இல்லை. "எதுக்கும்மா இன்னொரு தடவை? அதான் நானே பாத்தேனே! அந்தப் பாதி விரலை வச்சுக் கால் இடுக்கெல்லாம் தேய்ச்சானே, இன்னும் கண்ணுலயே நிக்குது."

அவள் நீட்டிய போனை இறக்கிக்கொண்டாள். அந்த விரலைத் தொட்டிக்குள் விட்டவளே அவள்தான்.

பக்கத்தில் நின்ற பிளம்பர் இடது கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.