சண்முகப்பிரியா, கரைக்கு வரவும்

"பேரு கொஞ்சம் நீளமுங்க. பள்ளிக்கூடத்துல எழுதறதுக்குள்ள புள்ளைக்குக் கை வலிச்சுப்போயிரும்."

"வலிக்கட்டும். போர்டுல எழுதுனா இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நிறைஞ்சு நிக்கணும் பாரதி."

"எந்தப் போர்டுல?"

"கம்பெனி போர்டுலதான். வேற எதுல?"

"அட, முதல்ல புள்ளைக்கு வைங்க. கம்பெனிக்கு அப்புறம் வெக்கலாம்."

"ரெண்டுக்கும் ஒரே பேருதான். தொட்டில்ல ஒருத்தி, நெருப்பெரிச்சல் கம்பெனில ஒருத்தி."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பிரசவ வார்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கணவன் வேல்குமாரைப் பார்த்து ஜெயபாரதி சிரித்த சிரிப்பு அது. தையல் வலித்தது, ஆனாலும் சிரித்தாள்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த அந்த ஊரில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தால் பேர் கம்பெனிக்கு ஏறும். அப்புறம் வேனுக்கு ஏறும், அட்டைப்பெட்டிக்கு ஏறும். பேருக்குச் சொந்தக்காரி போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. சண்முகப்பிரியா ஆறு வயதில், எட்டே நாள் காய்ச்சலில் போனாள். போர்டு போகவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பேர் ஜெயபாரதியை எங்கே வேண்டுமானாலும் வந்து பிடித்துக்கொள்ளும். காய்கறிக் கடையில் நிற்கும்போது வேன் டிரைவர் போன் பண்ணுவான்: "அக்கா, சண்முகப்பிரியா மேட்டுல நின்னுபோச்சுங்க. தள்ளுனாலும் அசைய மாட்டேங்குது." வாசலில் நின்று மின்வாரியத்து ஆள் கேட்பார்: "சண்முகப்பிரியாவுக்கு நாளைக்குக் காலைல இருந்து கரண்ட் இருக்காது, சொல்லிட்டாங்களா?" ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சு ஒரு நொடி நின்று, பிறகுதான் ஓடும்.

வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேர் கிடையாது. வேல்குமார் ஆறு வருஷமாக மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஏனுங்க, இன்னைக்கு அவளோட..." என்று இவள் ஆரம்பித்தால் போதும், அவனுக்குப் போன் வந்துவிடும். காதில் வைத்துக்கொண்டே வெளியே போவான். அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்து, போன் முடியட்டும் என்று விழுங்கியிருக்கிறாள்.

இந்த வருஷம் ஊருக்கு வெளியே இருந்த குளத்தைத் தூர்வாரிப் படகு விட ஏலம் போட்டார்கள். வேல்குமார் எடுத்தான். மூன்று மிதிபடகு புதிதாக வாங்கினான், அவற்றுக்கு நம்பர்தான். துடுப்புப் படகு ஒன்று தூத்துக்குடிப் பக்கமிருந்து பழசாக வந்தது. கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்ற டேனியல் அந்தப் பக்கத்து ஆள். தண்ணீரைக் கண்டதும் பத்து வயது குறைந்தவனாகிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஜெயபாரதி குளத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவன் பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.

"பழைய பேரு என்ன டேனியலு?"

"அலைமகள்னு இருந்துச்சுக்கா. சுரண்டிட்டேன்."

"அதையே உட்டிருக்கலாமில்ல?"

"நானும் சொன்னேம்லா. வச்ச பேர மாத்தினா படகு கோவிச்சுக்கும்னு எங்கய்யா சொல்லும். அண்ணாச்சி கேக்கலியே." அவன் தூரிகையை நனைத்தான். "எழுத்து அழகா இருக்கா பாருங்க."

'ச' முடிந்து 'ண்' ஈரமாக இருந்தது. அவள் பார்க்காமலே, "அழகா இருக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள். நல்ல கூட்டம். அரை மணிக்கு ஒரு சவாரி. டேனியல் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, நடுவில் இருந்த கருவேலந்திட்டுக்குப் பின்னால் போய் மறைந்தான். மைக் முன்னால் உட்கார்ந்திருந்த அருண்குமாருக்குக் குஷி. பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ராகம் போட்டான்.

"சண்முகப்பிரியா, சண்முகப்பிரியா. உங்கள் நேரம் முடிந்துவிட்டது. உடனே கரைக்கு வரவும்."

குழாய் ஒலிபெருக்கி தண்ணீரைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. எதிர்க்கரை அந்தப் பேரை வாங்கி, ஒரு விநாடி வைத்திருந்து, மெல்லத் திருப்பி அனுப்பியது. ஜெயபாரதி திட்டையே பார்த்தாள். திட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. கொக்குகூட அசையவில்லை.

"சண்முகப்பிரியா. எங்கிருந்தாலும் கரைக்கு வரவும்."

ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் அவள் இப்படித்தான் கூப்பிட்டாள். காதோரம் குனிந்து, விடாமல். கண்ணு, வந்துரு கண்ணு. கணுக்காலில் ஏதோ சில்லிட்டது. குனிந்து பார்த்தால் படியிறங்கித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். சேலைக் கரை மிதந்தது. எப்போது இறங்கினாள்?

திரும்பிக் கணவனைத் தேடினாள். டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால், தகரத்தைப் பார்த்தபடி வேல்குமார் போன் பேசிக்கொண்டிருந்தான். அவள் ஈரக்காலோடு ஏறி அருகே போனாள். "ஆமாங்க... அனுப்பிரலாமுங்க... சரிங்க..." அப்போது மூன்றாவது தடவையாக ஒலிபெருக்கி கூப்பிட்டது. அவன் போனைக் காதுக்குள் புதைப்பதுபோல் அழுத்தினான். கை நழுவிப் போன் ஒரு நொடி காதைவிட்டு விலகியது. திரையில் வெளிச்சம் வரவில்லை, கன்னங்கரேல் என்றே இருந்தது. அந்தப் பக்கம் யாருமில்லை.

ஆறு வருஷமாகவே யாருமில்லையோ?

அவள் கையை நீட்டி, போனை அவன் காதிலிருந்து மெதுவாக இறக்கினாள். அவன் தடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

"டேனியல் வந்துட்டானா பாரு," என்றான்.

"வருவான். நீங்க இங்க பாருங்க."

"ஆளுங்க இருக்காங்க பாரதி."

"இருக்கட்டுமுங்க." இந்தத் தடவை அவள் கேட்க வந்ததை விழுங்கவில்லை. "ஊரே அவளைக் கூப்பிடுது, நீங்க ஒருத்தர்தான் கூப்பிட மாட்டேங்கறீங்க. அந்தப் படகுல இருந்து பேரை எடுத்துருங்க. எடுத்துட்டு ஊட்டுக்கு வந்து, என்ற பக்கத்துல உக்காந்து, நம்ம புள்ளையப் பத்தி ஒருக்காப் பேசுங்க."