அளக்காத பாதி

ஆயிரம் வாட் போக வேண்டிய எங்கள் எஃப்எம் நிலையத்திலிருந்து இருநூற்றைம்பதுகூட ஒழுங்காகப் போகவில்லை. மேலாளர் போனில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். பழுது டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயா, கோபுரத்து உச்சியில் ஆன்டெனாவிலா என்று நான்தான் சொல்ல வேண்டும். உள்ளே என்றால் என் வேலை. மேலே என்றால் கோபுரம் ஏறுகிற மச்சான் வேலை. என் அக்காவின் கணவர்.

டிரான்ஸ்மிட்டரின் உயிர் ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். அதற்குள் இரட்டையர் மாதிரி இரண்டு பாதிகள், ஆளுக்குப் பாதிச் சுமை. கரண்டை நிறுத்தி, ஒவ்வொரு பாதியின் 'கேட்' என்கிற உள்ளீட்டுக் காலோடு சேர்ந்த ரெசிஸ்டரைக் கழற்றி, அந்தக் காலுக்கும் அடியிலிருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். மீட்டர் சும்மா இருந்தால் நல்லது. கத்தினால் அந்தப் பாதி செத்துவிட்டது.

இடது பாதியைப் பார்த்தேன். சத்தமே இல்லை. வலது பாதியின் ரெசிஸ்டர் ஒரு பெரிய கெப்பாசிட்டருக்கு அடியில் கிடந்தது. அந்தக் கெப்பாசிட்டரையும் கழற்றினால்தான் பார்க்க முடியும். பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்தவை எல்லாம் இரண்டு பாதியும் சேர்ந்தே போனவைதான். அதனால் வலதைத் தொடாமல் விட்டேன். அனுபவத்தைப் போல ஆளைக் கவிழ்க்கும் சனியன் வேறில்லை. ஆன்டெனா கெட்டால் பவர் திரும்பி வரும்; அதைக் காட்டும் முள்ளாவது காப்பாற்றியிருக்கும். அது ஆறு மாதமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. சரிசெய்யாமல் விட்டதும் நான்தான்.

"டிரான்சிஸ்டர் நல்லா இருக்கு மச்சான். மேலதான் கோளாறு."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. "நல்லாப் பாத்துட்டியா மாப்ள?" என்றார்.

"என் வேலையை எனக்குச் சொல்லித்தராதீங்க."

"சரிப்பா, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்குற," என்று சிரித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினார்.

மேலே ஒரு மணி நேரம் தேடிவிட்டு இறங்க ஆரம்பித்தார். நாற்பது அடி உயரத்தில் பெல்ட் கொக்கியை மாற்றுகிற நேரத்தில் ஈரக் கம்பியில் கால் வழுக்கியது.

மறுநாள் காலை அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றினேன். வலது பாதியில் வைத்ததும் மீட்டர் கத்தியது. புது டிரான்சிஸ்டர் போட்டேன், ஆயிரம் வாட் வந்தது. மேலாளர் சபாஷ் என்றார். நான் போனை வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மச்சான் மல்லாந்து படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா ஈரத்துணியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்தேன் மாப்ள," என்றார் அவர். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன் போல. உனக்கு ஏதும் கெட்ட பேரா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். ஆனால் அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"மேல ஒண்ணுமே இல்ல மச்சான். டிரான்சிஸ்டர்தான் போயிருக்கு. நான் ஒரு பாதியைத்தான் பாத்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் கை நின்றது.

"இன்னொரு பாதியைப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம்."

அவள் என்னை அடித்திருக்கலாம். துணியைப் பிழிந்து, அவருடைய அடுத்த காலைத் துடைக்க ஆரம்பித்தாள்.