பெட்டி வெளியில் போயிருக்கிறது

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் பதினொரு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒன்று பொய்யென்றாலும் பதினொன்றும் இன்றைக்கே உதிரட்டும், கஞ்சி குடித்துக்கொள்கிறேன்.

காலை ஏழே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தபோது, தம்பி குளிர்பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே அண்ணன் படுத்திருந்தார். நாலரைக்கு நெஞ்சு கனக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், அண்ணி தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துபோயிருந்தார். கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. துடைக்காவிட்டால் முகம் தெரியவில்லை, துடைத்தால் தெரிந்தது. இரண்டில் எது கஷ்டம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஈரத்துணியோடு போய் எடுத்தான்.

"பெட்டி இருக்கா?" என்றது ஓர் ஆண் குரல், தணிந்து.

"இருக்குங்க. நான்தான் பேசுறேன். எங்க கொண்டு வரணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மூன்று வருஷம் முன்பு, செத்தவர்களை வைக்கும் குளிர்பெட்டி ஒன்றை வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினார். உயிரோடு இருப்பவன் ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்தால் பேரம் பேசுகிறான், செத்தவன் வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. தம்பி பகலில் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. மற்ற நேரத்தில் பெட்டியின் கால்மாட்டைத் தூக்குகிறவன். தொழிலுக்கு அண்ணன் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. சாவு விழுந்த வீட்டுக்காரனை ஒரு நொடியும் காக்க வைக்கக் கூடாது. 'இருங்க, அண்ணனைக் கூப்பிடுறேன்' என்று சொன்னால் அவன் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவான். ஆகவே யார் எடுத்தாலும் 'நான்தான்' என்றே சொல்ல வேண்டும். செல்போனை அவர் தொழிலுக்குச் சேர்க்கவில்லை. அதில் அழுகை விட்டு விட்டுக் கேட்கிறது, விலாசம் பிடிபடுவதில்லை என்பார்.

சொன்னால் யாருக்கும் சந்தேகமும் வராது. இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை. சின்ன வயதில் அவர்களுடைய அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே குரலை வைத்து ஆளைத் தீர்மானித்து அடிப்பாள். பாதி அடி ஆள் மாறித்தான் விழுந்தது. தெருநாய் ஒன்று, தம்பி வெளியூர் போயிருந்த நாளெல்லாம் அண்ணன் இருமினால் தம்பி என்று நினைத்து வாலாட்டியது.

தொலைபேசியில் இருந்தவன் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. ஆளும் இருக்கீங்க, பெட்டியும் இருக்கு. வேற மாதிரி கேட்டிருந்தா ரெண்டுமே இருந்திருக்காது. ஃபைனான்ஸ்லேருந்து பேசுறேன். நாலு தவணை பாக்கி சார். ஒரு மணிக்கு வண்டி வரும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

தம்பி ரிசீவரைக் கையில் வைத்தபடியே நின்றான். ரொக்கமாக வாங்கிய பெட்டி என்றல்லவா அண்ணன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்? எவன் வாசலிலும் போய் நின்றதில்லை என்று மார்தட்டுகிற மனிதர். அண்ணிக்கு அந்தப் பெருமை அவரைவிட ஒரு பிடி கூடுதல். இப்போது அண்ணி பெட்டியின் தலைமாட்டில் ஒரு நாற்காலியில், மடியில் கையை வைத்து, அழாமல் உட்கார்ந்திருந்தாள். யார் என்று கண்ணால் கேட்டாள். வேறு ஒரு வீட்டிலிருந்து பெட்டி கேட்கிறார்கள் என்றான். அண்ணி தலையசைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அண்ணனின் ஒரே மகள் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். எப்படி வந்தாலும் மூன்று மணி ஆகும். வெளியே வெயில் கொதித்தது. தம்பிக்குக் கணக்குத் தெரியும். பெட்டியில்லாமல் இரண்டு மணி நேரம் என்றால் என்ன என்பதைத் தொழிலில் பார்த்திருக்கிறான். பெட்டியை எடுக்க வருகிறவர்கள் முதலில் அண்ணனை அதிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்துத் தரையில் போட வேண்டும். தெருவே கூடிநின்று பார்க்கும். மகள் படியேறும்போது முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் 'டக்' என்று நின்றது. அண்ணன் கையால் ரிப்பேர் பார்த்த கம்ப்ரசர். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று, மூன்று நிமிஷம் யோசித்து, மறுபடி ஓடும். தம்பி நூறு வீட்டில் கேட்ட சத்தம்தான். அன்று அது மறுபடி ஓடும்வரை பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவன் வாசலைவிட்டு நகரவில்லை. தெருவில் எந்த வண்டி வேகம் குறைந்தாலும் படியிறங்கி ஓடிப்போய்ப் பார்த்தான். தண்ணீர் கேன் வண்டி வந்தது. நாற்காலி இறக்கும் வண்டி வந்தது. இறக்கியவனிடம் இரண்டு தடவை, நாற்காலி மட்டும்தானே என்று கேட்டான். பக்கத்து பெயிண்ட் கடைக்காரர், அண்ணன் மேல் இவனுக்கு இவ்வளவு பாசமா, யார் வந்தாலும் ஓடிப்போய் வரவேற்கிறானே என்று மனைவியிடம் சொன்னதாகத் தெரிகிறது.

ஒன்பதரைக்கு ஒருவன் வந்தான். தடித்த உடம்பு, தோளில் சுருட்டிய ஒயர். நிலைக்கதவின் அகலத்தைக் கண்ணால் அளந்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான். தம்பி இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வழியை மறித்துக்கொண்டான். ஒரு மணி என்றுதானே பேச்சு என்றான், வந்தவனுக்கு மட்டும் கேட்கும்படி. வந்தவன் விழித்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவன் மாமனாருக்கு இந்தப் பெட்டியைத்தான் எடுத்திருந்தார்கள். அப்போது விட்டுப்போன எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கொடுக்க வந்தவன், உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனைச் சமாதானப்படுத்திப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. அத்தனை பேரில் சத்தமாக அழுதவன் அவன் ஒருத்தன்தான்.

பத்து மணிக்குத் தொலைபேசி மறுபடி அடித்தது. மற்றவர்கள் எடுப்பதற்குள் தம்பி பாய்ந்து எடுத்தான். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

"சார், காலையில பேசினது நான், தம்பி. அண்ணன் இறந்துட்டார். இன்னைக்கு விடியக்காலை."

"தெரியுமே," என்றான் அவன். "ஜூன் மாசமே சொன்னீங்களே."

"நானா?"

"இதே குரல்தான். 'தம்பி பேசுறேன், அண்ணன் போயிட்டார், பாக்கியை நான் கட்டுறேன்'னு. பதிவு இருக்கு, போட்டுக் காட்டவா? அன்னைக்கு நல்லா அழுதீங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு சாப்பிடாம போயிருச்சு. இன்னைக்கு அழுகை வரலையே சார், ஏன்?"

தம்பிக்கு அண்ணனின் ஜூன் மாத முகம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் சாயங்காலம், உனக்குச் சம்பளம் எவ்வளவுடா வருகிறது என்று சும்மா கேட்டிருந்தார். அவன் சொன்னான். பரவாயில்லையே என்றார். அவ்வளவுதான் பேச்சு. அப்போது தோளில் ஒரு தட்டு தட்டினார். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆக, அண்ணனே தம்பியாகப் பேசியிருக்கிறார், கடன் தன் தலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. தனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அவன் என்ன செய்தான் என்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் ஆணை ஆணைதான். தொலைபேசியின் சுருள் கம்பியை இழுக்க மட்டும் இழுத்து, ரிசீவரைக் கொண்டுபோய்ப் பெட்டியின் கண்ணாடி மேல், அண்ணன் வாய்க்கு நேராக வைத்தான். கேளுங்கள், மூச்சு வருகிறதா என்று கேளுங்கள் என்றான். கூடத்தில் இருந்த பதினைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பெயிண்ட் கடைக்காரர் எழுந்தார்.

அரை நிமிஷம் கழித்துத் தம்பி காதில் வைத்துப் பார்த்தான்.

"கம்ப்ரசர் நல்லா ஓடுது," என்றான் அவன். "பெட்டி கண்டிஷனாத்தான் இருக்கு. சந்தோஷம். ஒரு மணிக்குப் பார்க்கலாம்."

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் எப்படிப் போயிற்று என்று தம்பியைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பணம் புரட்டலாம் என்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை. யாரிடமாவது சொல்லலாம் என்றால் சொன்ன மறுநிமிஷம் அண்ணிக்குப் போய்விடும். மூன்று பேரிடம் வாயைத் திறந்து மூன்று பேரிடமும் மணி என்ன என்று மட்டும் கேட்டான். பெட்டியைக் கொல்லைப்பக்கமாக நகர்த்தலாமா என்றுகூட யோசித்து, போய் அளந்து பார்த்தான். கொல்லைக் கதவு நாலு விரல்கடை குறைவு.

பன்னிரண்டே முக்காலுக்கு அடித்தபோது அவன் வாசலில் இருந்தான். ஓடி வருவதற்குள் அண்ணி எழுந்து போய் எடுத்துவிட்டாள்.

காதில் வைத்து, மறுமுனை பேசி முடிக்கும்வரை நின்றாள். தம்பி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"பெட்டி வெளியில போயிருக்கு," என்றாள் அண்ணி. "எடுத்த வீட்டுல மக வரணுமாம், மூணு மணிக்கு மேலதான் தூக்குவாங்க. அதுக்கப்புறம் வாங்க." மறுமுனை பேசுவதைக் கொஞ்சம் கேட்டாள். "அவர் தூங்குறார். எழுப்ப முடியாது." மறுபடி கேட்டாள். "சரிங்க. நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்க."

வைத்துவிட்டாள்.

"அண்ணி..." என்றான் தம்பி.

"நாலு மாசமா இவன்கூட நான்தான் பேசிட்டு இருக்கேன். உங்க அண்ணன் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தார். இருக்கட்டும்னு விட்டேன்."

"காலையிலேருந்து நான் உண்மையைச் சொல்லிப் பார்க்கிறேன், நம்ப மாட்டேங்கிறான்."

"உண்மைக்கு அவன் அஞ்சு நிமிஷம்கூடத் தர மாட்டான், தம்பி. பொய்க்கு மூணு மணி நேரம் தருவான். பொய்ன்னா அவனுக்குப் பழக்கம்."

நாற்காலிக்குத் திரும்பப் போனவள் போக முடியாமல் நின்றாள். தொலைபேசியின் சுருள் கம்பி அவள் விரல்களில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தம்பி ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துவிட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு மணி ஆயிற்று. வண்டி வரவில்லை. இரண்டு மணி ஆயிற்று. மூன்று பத்துக்கு மகள் வந்தாள். தோள் பையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்பா முகம் நல்லா இருக்கு சித்தப்பா, தூங்குற மாதிரியே இருக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம்மா என்று தம்பியும் திரும்பத் திரும்பச் சொன்னான், தெருப்பக்கம் ஒரு காதை வைத்தபடி.

நான்கு மணிக்கு அண்ணனைத் தூக்கினார்கள். தம்பி வழக்கம்போலக் கால்மாட்டைப் பிடித்தான். தலைமாட்டைப் பிடிக்கக் கை பழகிய ஆள் இல்லாததால் வாசற்படியில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வேனில் வைத்து, அண்ணியும் மகளும் ஏறி, அவன் ஒரு காலை உள்ளே வைத்தபோது வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

வேன் ஓட்டுநர் இஞ்சினை நிறுத்துவதா வேண்டாமா என்று பார்த்தான். அண்ணி தம்பியைப் பார்த்தாள். போகாதே என்பதாகவும் இருந்தது அந்தப் பார்வை, போ என்பதாகவும் இருந்தது.

"நீங்க போங்க அண்ணி. நான் பின்னாடியே வந்துடுறேன்."

கூடம் காலியாக இருந்தது. ஏழாவது முறை மணி அடித்தபோது எடுத்தான்.

"மணி நாலாச்சு. வண்டியைக் கிளப்பட்டுமா?"

"வரட்டும் சார். பெட்டி காலியா இருக்கு."

"யார் பேசுறது?"

நாக்கு நுனிவரை 'நான்தான்' வந்துவிட்டது. தம்பி அதை விழுங்கினான்.

"தம்பி. பாக்கியும் நான்தான் தரணும். தரேன்."

அந்தக் குரலில் யார் சாயலும் இல்லை. அது அவனுக்கே தெரிந்தது. மறுமுனையில் இருந்தவன், அண்ணன் நிஜமாகவே போய்விட்டாரா என்று கேட்டான். ஆமாம் என்றான் தம்பி. எதிர்ப்பக்கம் மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது.

தம்பி மயானத்துக்குப் போகவில்லை. பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பிளக்கைப் பிடுங்கிய பெட்டி உள்ளேயிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தரையில் மெல்ல நகர்ந்து வந்து அவன் செருப்பைத் தொட்டது. காலை எடுக்கவில்லை. வெயில் இறங்கி, வேனில் போனவர்கள் திரும்பி வந்து, படியில் கால் கழுவும்வரை எந்த வண்டியும் வரவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் வரவில்லை.

அந்த வீட்டுத் தொலைபேசிக்குக் கட்டணம் கட்டாததால், அண்ணன் சாவதற்குப் பதினாறு நாள் முன்பே தொலைபேசி இலாகா ஆள் வந்து, கம்பத்தில் ஒயரை வெட்டிச் சுருட்டித் தொங்கவிட்டுப் போயிருந்தான்.