யார் காலில் விழுவது?

மீன் விற்கும் ரிசியம்மா தன் கைபேசிக் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும் இபிடுன் எதையோ தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தாள். காலையிலிருந்து இதே கேள்வியோடு வந்தவர்களில் இவள் நாலாவது ஆள். முதல் மூன்று பேரிடமும் தெரியாது என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. ரிசியம்மாவிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு லாகோஸின் ஓயிங்போ சந்தையில் நிம்மதியாகக் கடை நடத்தியவர்கள் யாரும் இல்லை.

"நிமிருடீ. நீ குனிஞ்சா நான் போயிடுவேனா?" புகை போட்ட மீன் வாசனை கடை முழுக்கப் பரவியது. கைபேசியை இபிடுனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என்னமோ வந்திருக்கு. படி."

இபிடுன் படித்தாள். வரும் மாதம் முதல் ஐயாயிரம் நைராவுக்குக் குறைந்த தொகைகள் தூசியாகக் கருதப்படும். தூசி அனுப்பப்பட மாட்டாது.

"தூசியா?"

"அது கம்ப்யூட்டர்காரங்க பாஷை மா. சின்னத் தொகைய அப்படித்தான் சொல்லுவாங்க. கணக்குப் புஸ்தகத்துல எடத்த அடைக்குதாம்."

"அடுப்புப் புகையில கண்ணு வெந்து சம்பாதிச்ச காசு, தூசியா? எந்தக் கம்ப்யூட்டர்காரன் சொன்னான்? பேரச் சொல்லு."

வம்பு பிடித்ததே அந்தப் பேரில்தான். அவர்கள் கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய ஏயோ என்ற மின்நாணயத்துக்கு, ஏயோ என்றால் சோழி, உரிமையாளர் கிடையாது. உலகம் பூராவும் யார் யாரோ தங்கள் வீட்டில், கடையில், கொட்டகையில் ஓட்டும் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் சேர்ந்ததுதான் அது. அவற்றில் ஒன்று இபிடுனின் மேசைக்கு அடியில், செருப்புப் பெட்டி அளவில், பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் சந்தை நடுவே கவிழ்த்த அலுமினிய அண்டாவின்மேல் ஏறி நின்று கத்தியிருந்தாள்: "பாங்க் கெடையாது, மந்திரி கெடையாது. இதோட விதிய யாராலயும் மாத்த முடியாது. இது என் வாக்கு!" நாற்பது பெண்கள் அந்த வாக்கை நம்பிக் கைபேசியில் ஏயோவைப் போட்டுக்கொண்டார்கள். ரிசியம்மா விற்க விற்க இரண்டாயிரம், மூவாயிரம் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் கொட்டோனுவில் இருக்கும் மீன்காரிக்கு அனுப்புவாள். சாயங்காலத்துக்குள் மீன் வண்டியில் ஏறிவிடும். இப்போது இபிடுனுக்கு வியாபாரம் போவதைவிட அந்த வாக்கு போவதுதான் பெரிய கவலை.

"யாராலயும் மாத்த முடியாதுன்ன. இப்ப யாரோ ஒருத்தன் மாத்துறான். அந்த யாரோ யாரு? ஆளக் காட்டு, நான் போயிக் கால்ல விழுறேன். ரெண்டு கூடை மீன் கொண்டுபோறேன். கால்ல விழுந்து நடக்காத காரியம் லாகோஸ்ல உண்டாடீ?"

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமா, துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட சரக்கு வெளியே வர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஓர் ஓகா, ஒரு பெரிய மனுஷர், இருப்பார். ஓகாவுக்கு ஒரு மனைவி இருப்பாள், மனைவிக்கு ஒரு பாஸ்டரோ, ஆல்ஃபா என்கிற முஸ்லிம் குருவோ இருப்பார். யாரையாவது பிடித்து அவர் வாசல்வரை போய் முட்டி போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏயோவில் எல்லாம் இருந்தது, விழுவதற்குக் கால் மட்டும் இல்லை.

இபிடுன் கடையைப் பூட்டிவிட்டு ஊரின் இன்னொரு பகுதியான யாபாவுக்குப் போனாள். ஏயோவின் நிரலில் கைவைக்கும் சாவி உலகத்தில் ஐந்து பேரிடம் இருந்தது. அதில் ஒருவன் டோபென்னா என்பதும், அவன் யாபாவில் ஒரு மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதும் கீழே சோளம் சுடும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். 'இங்கே தலைவர் இல்லை' என்று அச்சடித்த பனியன் போட்டிருந்தான்.

"ஆண்ட்டி, முடிவு பண்ண நான் யாரு?" என்றான். "நான் வெறும் துப்புரவுத் தொழிலாளி. வர்ற மாற்றத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி உள்ள தள்ளுவேன். அவ்வளவுதான் என் வேலை."

மூன்று திரைகளையும், பின்னால் சாய்ந்தால் கூடவே சாயும் நாற்காலியையும் இபிடுன் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு துப்புரவுத் தொழிலாளியை அவள் கண்டதில்லை.

"அப்ப இந்த மாற்றத்தத் தள்ளாத."

"தள்ளாம விட்டா, நான் முடிவு பண்ண மாதிரி ஆயிடுமே ஆண்ட்டி."

"தள்ளினா?"

"தள்ளினா சமூகம் முடிவு பண்ணுச்சுன்னு அர்த்தம்."

"சமூகம்னா யாருப்பா?"

"நீங்கதான்! உங்க மெஷின் ஓடுதில்ல? நீங்கதான் ஓகா."

"நான் ஓகான்னா சொல்றேன் கேட்டுக்க. வேண்டாம்."

டோபென்னா அவளைப் பரிவோடு பார்த்தான். "நீங்க மட்டும் ஓகா இல்ல ஆண்ட்டி. எல்லாரும் ஓகா."

அதன்பிறகு அவள் எழுதாத இடமில்லை. கணினிகளை ஓட்டி ஏயோ நாணயம் தோண்டும் ஆலைக்காரர் ஒருவர், ஏதோ அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து, நாங்கள் மின்சாரத்தை எரிக்கிறோம், நிரல்காரர்கள் கொடுப்பதை ஓட்டுகிறோம், எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்று எழுதினார். சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஏயோ அறக்கட்டளை மிக அழகான தாளில் பதில் போட்டது: நாங்கள் பனியன் அச்சடிப்பவர்கள், கூட்டத்துக்கு மண்டபம் பிடிப்பவர்கள். முடிவெடுப்பது எங்கள் கொள்கைக்கே விரோதம். தற்செயலாக, இந்த மாற்றத்தைப் பற்றிய கூட்டம் உங்கள் ஊரிலேயே, சுருலேரேயில் ஓர் ஓட்டலில் நடக்கிறது, மதிய உணவு உண்டு, வாருங்கள்.

ரிசியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள் இபிடுன். ஒரு வேளை அங்கே கால் கிடைக்கலாம். ரிசியம்மா பெருநாளுக்குக் கட்டும் நீலத் தலைக்கட்டைக் கட்டிக்கொண்டு, மடியில் மீன் பொதியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் எண்பது இளைஞர்கள். பெரிய தொகை வைத்து ஆடும் வர்த்தகர்கள் அவர்கள். தூசி ஒழிந்தால் கணக்கு வேகமாக ஓடும் என்று அத்தனை பேருக்கும் சந்தோஷம். அறக்கட்டளையிலிருந்து வந்த ரேட்டோ என்ற வெள்ளைக்காரர் மேடையேறினார்.

"நண்பர்களே, நாம இங்க கையத் தூக்கி ஓட்டுப் போடுறதில்ல. கைய எண்ணினா ஆள எண்ணணும். ஆள எண்ணினா நீ யாருன்னு கேக்கணும். ஏயோல யாரையும் நீ யாருன்னு கேக்குறது கெடையாது. அதனால எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. நான் கேக்கும்போது உம் கொட்டுங்க. எந்தப் பக்கம் உம் பலமா வருதோ, அதான் சமூகத்தோட மனசு."

கதை கேட்கும் பிள்ளைகள் கொட்டுகிற அதே உம். இதற்காக மனுஷன் ஆறு மணி நேரம் விமானத்தில் வந்திருந்தார்.

"எனக்குத்தான் வாய் இருக்கே, பேசிட்டே போறேனே," என்றாள் ரிசியம்மா உரக்க.

"பேசுற நேரம் காலையிலயே முடிஞ்சுது அம்மா."

"காலைல நான் மீன் வித்துக்கிட்டிருந்தேன்."

ரேட்டோ புன்னகைத்தார். கொள்கை உள்ளவர்கள் புன்னகைக்கும் விதமே தனி. எண்பது பேரும் கண்ணை மூடினார்கள். இபிடுனும் மூடினாள். ரிசியம்மா மூடவில்லை. முன்பின் தெரியாத எண்பது ஆண்களுக்கு நடுவே, மடியில் பையை வைத்துக்கொண்டு, எந்தப் பெண் கண்ணை மூடுவாள்?

"மாற்றம் வேணும்ங்கிறவங்க!"

ம்ம்ம்ம் என்று மண்டபம் தேன்கூடுபோல இரைந்தது. இபிடுனின் மூடிய கண்ணுக்குள் நாற்பது பெண்களின் முகங்களும் வரிசையாக வந்து போயின.

"வேண்டாம்ங்கிறவங்க!"

ம்ம், என்றாள் இபிடுன். பின்னால் யாரோ ஓரிருவர் கூடச் சேர்ந்தார்கள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அந்த நொடி பார்த்துக் கரண்ட் போனது. ஓட்டல் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்த ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ம்ம்ம்ம்ம்ம்! நாற்காலி அதிர்ந்தது, மேசைமேல் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஊருக்குப் புதியவரான ரேட்டோ கண்ணை மூடியபடியே, நெகிழ்ந்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஒரு ஆழமான எதிர்ப்பு!" என்று கண்ணைத் திறந்து, கையிலிருந்த கணினியில் தட்டினார். தட்டியது ஏயோவின் அழிக்க முடியாத பேரேட்டில் ஏறிவிட்டது. மாற்றம் வேண்டாம், உம் மிகப் பலம்.

"யோவ், அது ஜெனரேட்டர்யா!" என்று முன்வரிசையில் ஒருவன் துள்ளி எழுந்தான்.

ரேட்டோவுக்கு முகம் வெளுத்தது. டோபென்னாவைப் பார்த்தார். டோபென்னா தரையைப் பார்த்தான், பெருக்க ஏதாவது இருக்கிறதா என்பதுபோல. கடைசியில் ரேட்டோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உம் கொட்டினது யாருன்னு விசாரிக்க நமக்கு அதிகாரம் இல்ல," என்றார்.

மூன்று வாரம் இணையத்தில் வெட்டுக்குத்து. ஜெனரேட்டர் ஓர் உறுப்பினரா? ஏயோவின் முதல் விதி எடுத்துக் காட்டப்பட்டது: யார் வேண்டுமானாலும் சேரலாம், யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. மனிதராக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. குளிர்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்த வலைப்பின்னலில் எரித்த மின்சாரத்தை வைத்துத்தானே ஒருவருடைய பேச்சுக்கு எடை? அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லாரையும்விட அதிகம் உழைத்தது ஜெனரேட்டர்தான், மற்றவர்கள் வெறுமனே மூச்சு விட்டார்கள் என்று நாற்பது பக்கத்துக்கு எழுதினார். அதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. மாற்றம் கிடப்பில் போடப்பட்டது. சமூகம் பேசிவிட்டது என்று அறக்கட்டளை புதுப் பனியன் அச்சடித்தது.

சேதி வந்த காலையில் இபிடுனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பொட்டலம் பஃப்-பஃப் பணியாரம் வாங்கிக்கொண்டு மீன் வரிசைக்கு ஓடலாம் என்று எழுந்தபோது ரிசியம்மாவே வந்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டோம் மா! இனிமே தூசி கீசின்னு எவனும் பேச மாட்டான். ரெண்டாயிரமோ முந்நூறோ, இஷ்டம்போல அனுப்புங்க. நான் சொன்னேனில்ல, யாராலயும் மாத்த முடியாதுன்னு!"

"கேள்விப்பட்டேன்." ரிசியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. அதுதான் இபிடுனுக்குப் பயமாக இருந்தது. "அன்னிக்கு நான் கண்ண மூடல, தெரியுமில்ல?"

"தெரியும் மா."

"அடுத்த தடவ கரண்ட் போகலன்னா?"

இபிடுன் குனிந்து மேசைக்கு அடியில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"எல்லைக்குப் போற சேமே ரோட்டுல வண்டி ஓட்டுறானே ராஃபியு, அவன் கையிலதான் இனிமே காசு குடுத்து விடப்போறேன்."

"ராஃபியுவா! அவன் திருடன் மா. நூத்துக்குப் பத்து அடிப்பான்."

"அடிப்பான். ஒருதடவ மொத்தமாவே அடிச்சுட்டு, எல்லையில புடுங்கிட்டாங்கன்னு அழுதான். நான் என்ன பண்ணேன்? அவன் வீட்டு வாசல்ல போயி உக்காந்தேன். அவன் பொண்டாட்டி கேக்க, அவன் ஆத்தா கேக்க, ரெண்டு நாள் திட்டினேன். மூணாம் நாள் காசு வந்துடுச்சு. அவன் திருடன்தான்டீ. ஆனா அவனுக்கு வாசல் இருக்கு."

"நான் இருக்கேனே மா! என் வாசல் இருக்கே!"

"நீ நல்ல பொண்ணு." ரிசியம்மா கையை நீட்டி அவள் கன்னத்தைத் தட்டினாள். "உன்னத் திட்டி எனக்கு என்ன ஆகப்போவுது? உன் பேச்ச எவன் கேட்டான்?"

இபிடுனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் தோற்றிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

"உள்ள இருந்ததயெல்லாம் காலையிலயே கொட்டோனுவுக்கு அனுப்பிட்டேன். இதுலேருந்து அந்த ஏயோவ எடுத்துடு," என்று ரிசியம்மா கைபேசியை நீட்டினாள். "எனக்கு எங்க அழுத்தறதுன்னு தெரியல."

இபிடுன் சோழிப் படத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். திரையில் ஒரு கேள்வி வந்தது. அவள் விரல் அப்படியே நின்றது.

"என்னவாம்?"

"நிச்சயமா நீக்கணுமான்னு கேக்குது மா."

"கேக்குறது யாரு?"

"போனுதான்."

"ரிசியோட அம்மா முடிவு பண்ணிட்டான்னு சொல்லு," என்றாள் அவள். "யாராச்சும் வந்து கேட்டாலும் என் பேரச் சொல்லு. மீன் வரிசையில மூணாவது கடை."

இபிடுன் அழுத்தினாள். சோழி மறைந்தது. கைபேசியைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தபோது வாசலில் மீன்காரப் பெண்கள் இன்னும் நாலு பேர் கைபேசியோடு நின்றிருந்தார்கள்.